பி.காம்., பி.காம்ப்ளெக்ஸ்!

‘வாத்து மாதிரி நடக்கிறான்’ என்று யாரையாவது கிண்டல் செய்திருக்கிறீர்களா? நான் செய்திருக்கிறேன். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்த நாட்களில், எங்கள் சீனியர் ஒருவர் பைல் கட்டோடு வராந்தாவில் அசைந்து வருகிற அழகைப் பார்த்து, முதுகுக்குப் பின்னால் ‘குவாக் குவாக்’ என்று குரல் கொடுத்த கோஷ்டியில் அடியேன் ஆயுள் உறுப்பினர். அந்தப் பாவம் சும்மா விடுமா? போன தை மாதம், நடக்கவே முடியாத ஒரு வாத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டது. நாற்பது நாள்... ‘கடவுளே, இது வாத்து மாதிரி நடந்தால் போதும்’ என்று வேண்டிக்கொண்டு திரிந்தேன்.

கதை சந்தையில் ஆரம்பிக்கிறது. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், ஒரு கூடையைப் பார்த்ததும் கையை இழுத்து நிறுத்திவிட்டாள். உள்ளே மஞ்சள் பஞ்சு உருண்டைகளாக வாத்துக் குஞ்சுகள். ஒன்று 60 ரூபாய். ஜோடியாக எடுத்தால் 110. பி.காம். படித்தவன் பத்து ரூபாய் டிஸ்கவுண்டை விடுவானா? ஜோடியாக வாங்கினேன்.

“என்னங்க தீனி போடணும்?”

“கோழிக்குஞ்சுத் தீனியே போதும் சார். வாத்துன்னா என்னா சார், தண்ணியில நனைஞ்ச கோழி! அவ்ளோதான்.”

இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பெயர் வைக்கும் உரிமையை நான் எடுத்துக்கொண்டேன். ஒன்று டெபிட், இன்னொன்று கிரெடிட். இரட்டைப் பதிவு முறைக்கு என்னால் முடிந்த மரியாதை. டெபிட் என் மகளின் செல்லம். டி.வி. இருக்கும் அறையில், அட்டைப் பெட்டிக்குள், பேப்பர் விரித்து, வேளைக்குக் கிண்ணத்தில் தீனி. கிரெடிட்டுக்கு அந்த ராஜ உபசாரம் கிடையாது. அது முதல் வாரத்திலேயே பெட்டியைத் தாண்டிக் குதித்துக் கொல்லைப்புறம் போய்விட்டது. கிணற்றடிச் சேறு, துணி துவைக்கிற கல், வாழைமரத்து அடி என்று ஒரே சுற்றல்.

இதையெல்லாம் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என் அப்பா. அரிசி மண்டியில் 41 வருஷம் கணக்கு எழுதியவர். இப்போதும் இரண்டு கடைகளுக்கு வீட்டில் உட்கார்ந்து பேரேடு எழுதுகிறார். நான் ஆடிட்டர் ஆபீஸை விட்டுவிட்டு எழுத்தை நம்பி உட்கார்ந்து நாலு வருஷம் ஆகிறது. அந்த நாலு வருஷமும் எங்கள் வீட்டில் வேகிற அரிசி யாருடையது என்று நீங்கள் கேட்கக்கூடாது. நானும் சொல்ல மாட்டேன். அவர் மட்டும் தினமும் சொல்வார். “எப்படா சொந்தக் கால்ல நிக்கப் போற? கள்ளக்குறிச்சியே 2019-ல விழுப்புரத்தை விட்டுத் தனியா வந்து சொந்தக் கால்ல நின்னுடுச்சு. நீ இன்னும் நிக்கலியே!”

மாவட்டத்தோடு மகனை ஒப்பிட்ட ஒரே தகப்பன் தமிழ்நாட்டில் அவராகத்தான் இருக்கும். குஞ்சுகளைப் பார்த்ததும், “உனக்கே ஒருத்தன் தீனி போடறான். நீ ரெண்டுக்குப் போடப் போறியா?” என்றார். நான் ‘ஹி... ஹி...’ என்று சிரித்துவைத்தேன். வேறென்ன செய்வது?

* * *

மூன்றாவது வாரம் டெபிட் உட்கார ஆரம்பித்தது. முதலில் நாலு அடி நடந்து உட்கார்ந்தது. பிறகு இரண்டு அடி. பிறகு, தீனிக் கிண்ணத்துக்கு இறக்கையைத் துடுப்பாகப் போட்டுத் தவழ்ந்து போனது. எழுந்து நிற்கப் பார்த்தால் கால் இரண்டும் வில்லாக வளையும். கணுக்கால் மூட்டு வீங்கியிருந்தது. பெட்டியில் விரித்திருந்த பேப்பரில் வழுக்கி, வயிறு தரையில் பட ‘தொப்’ என்று விழும். குனிந்து பார்த்தேன். அது என் கட்டுரை வந்த பக்கம். என் எழுத்தைப் படித்துக் கால் தடுமாறிய முதல் ஜீவன் என்று மனைவி அறிவித்தாள்.

நம் ஊரில் நோய் வந்தால் மருந்துக்குப் பஞ்சம் இருக்கலாம், ஆலோசனைக்குக் கிடையாது. எதிர்வீட்டுப் பாட்டி விளக்கெண்ணெய் தடவச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர், “புண்ணாக்கு ஊற வெச்சுக் குடு தம்பி” என்றார். என் மைத்துனன் செல்போனில் பத்து நிமிஷம் தேடிவிட்டு, “மாமா, மிளகு கொஞ்சம் தூக்கலா, சின்ன வெங்காயம் நிறைய...” என்று ஆரம்பித்தான். மகள் அழுகிற சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டான்.

அப்பா பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் தீர்ப்புச் சொன்னார். “மாசி கடைசி வரைக்கும் டைம். அதுக்குள்ள ரெண்டு பேரும் சொந்தக் கால்ல நிக்கணும். இல்லேன்னா வாத்து சந்தைக்கு, நீ ஆடிட்டர் ஆபீசுக்கு. நான் பேசி வெச்சுட்டேன்.”

அதாவது, என் எழுத்து வாழ்க்கை இப்போது ஒரு வாத்தின் மூட்டில் தொங்குகிறது!

மறுநாளே துணிப்பையில் டெபிட்டை வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். எனக்கு முன்னால் மூன்று ஆடு, ஒரு கன்றுக்குட்டி. டாக்டரம்மா வாத்தைப் புரட்டிப் பார்த்தார். பாதத்தின் அடியில் புண் இருக்கிறதா, மூட்டில் நரம்பு இடம் விலகியிருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத் தள்ளுபடி செய்துகொண்டே வந்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்:

“இது ஒண்ணுதான் வாங்கினீங்களா?”

“இன்னொண்ணு இருக்குங்க. அதைக் கண்டுக்கறதே இல்ல. கொல்லையில திரியுது.”

“அது நல்லா நடக்குதா?”

“ஓடுதுங்க.”

டாக்டரம்மா சிரித்தார். “நீங்க கண்டுக்காததுதான் நல்லா இருக்கு. இதுக்கு என்ன தீனி?”

நான் சந்தைக்காரரின் ‘நனைஞ்ச கோழி’ தத்துவத்தை ஒப்பித்தேன். அதற்கு அவர் சொன்ன பதிலைச் சுருக்கித் தருகிறேன். வாத்து, நனைந்த கோழி அல்ல. பி-வைட்டமின் குடும்பத்தில் நியாசின் என்று ஒன்று உண்டு, பி3 என்பார்கள். மற்ற பறவைகள் ஓரளவுக்கு அதை உடம்புக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளும். டிரிப்டோபேன் என்கிற புரதச் சரக்கிலிருந்து செய்கிற வேலை அது. வாத்துக்கு இந்தத் தொழிலில் சாமர்த்தியம் குறைவு. வெளியிலிருந்துதான் வரவேண்டும். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1994-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, ஒரு கிலோ தீனியில் கறிக்கோழிக் குஞ்சுக்கு 35 மில்லிகிராம் நியாசின் இருந்தால் போதும். வாத்துக் குஞ்சுக்கு 55 வேண்டும். கோழிக் கணக்கில் தயாரான தீனியை மட்டுமே வாத்துக்குப் போட்டால் பற்றாக்குறை பட்ஜெட்தான். முதலில் கால் வளையும், மூட்டு வீங்கும், பிறகு உட்கார்ந்துவிடும்.

கிரெடிட் எப்படித் தப்பித்தது? அதுவும் கொஞ்சம் இதே தீனியைத்தான் தின்றது. ஆனால், கிணற்றடியில் புழு, பூச்சி, நத்தை என்று சைடில் வருமானம் வைத்திருந்தது! டெபிட்டுக்கு மாதச் சம்பளம் மட்டும்தான். அதுவும் கோழியின் சம்பளம்.

“ஆக, கால்ல கோளாறு இல்லீங்களா?”

“கால்ல இருக்கு. ஆனா கால்ல ஆரம்பிக்கல. தட்டுல ஆரம்பிச்சது” என்றார் டாக்டரம்மா, பி.காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்து எழுதிக்கொண்டே.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் ஒரு பி.காம். இருந்தும் பிரயோஜனமில்லை, வாத்துக்குத் தேவைப்பட்டது பி.காம்ப்ளெக்ஸ்!

கிளம்பும்போது புண்ணாக்கு சமாச்சாரத்தைக் கேட்டேன். பதறிவிட்டார். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்கிற விஷம் ஊறும். மற்றப் பறவைகளைவிட வாத்துக் குஞ்சை அது சீக்கிரம் அடித்துவிடும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மர்மமாகச் செத்தபோது, வாத்துக் குஞ்சுகளும் சேர்ந்து செத்தன. காரணம், இறக்குமதியான கடலைப் புண்ணாக்குப் பூஞ்சை. பக்கத்து வீட்டுக்காரரின் அன்புக்குத் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டேன்.

* * *

நியாசினுக்குப் பழைய பெயர் நிகோடினிக் ஆசிட். இதைக் கேட்டதும் மைத்துனன், “அப்ப ஒரு பீடி பத்த வெச்சு அது மூக்குல காட்டினா போதாதா மாமா?” என்றான். இவனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வைட்டமின் என்றால் சிகரெட்டில் கிடைக்கும் என்று ஜனங்கள் நினைத்துவிடப் போகிறார்கள் என்று பயந்துதான், 1940-களில் அமெரிக்காவில் அந்தப் பெயரையே சுருக்கி ‘நியாசின்’ ஆக்கினார்கள். ஆகவே, டீக்கடை வாசலில் நின்று இதைப் படிக்கும் நண்பர்களே, கையில் இருப்பதை வைட்டமின் கணக்கில் எழுதாதீர்கள்.

இந்தப் பற்றாக்குறை மனிதனையும் விட்டுவைக்கவில்லை. பெல்லக்ரா என்று ஒரு வியாதி. தோல் வெடிக்கும், வயிறு போகும், புத்தி பேதலிக்கும், கடைசியில் ஆளையே கொண்டுபோகும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோளத்தையே நம்பியிருந்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் இதற்குப் பலியானார்கள். தொற்றுநோய் என்றார்கள், பரம்பரை என்றார்கள். 1914-ல் அரசாங்கம் அனுப்பிய ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற டாக்டர் ஆஸ்பத்திரிகளையும் அனாதை விடுதிகளையும் சுற்றிவிட்டு ஒன்றைக் கவனித்தார். உள்ளே இருப்பவர்களுக்கு வருகிறது. அவர்களோடே பழகும் ஊழியர்களுக்கு வருவதில்லை. கிருமிக்கு ஊழியர் யார், நோயாளி யார் என்று தெரியுமா? வித்தியாசம் தட்டில்தான் இருந்தது. தட்டில் விடுபட்டது எது என்று 1937-ல் கான்ராட் எல்வேஜெம் கண்டுபிடித்தார்: நியாசின்.

நம் பக்கத்து மாவட்டத்துக்காரர் ஒருவரும் இதில் உண்டு. 1918-ல் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். ஹைதராபாத்தில் இருந்துகொண்டு, சோளமே கதி என்று வாழ்ந்த தக்காணத்து ஏழைகளின் பெல்லக்ராவை ஆராய்ந்தார். 1960-ல் சக ஆராய்ச்சியாளர் ஸ்ரீகண்டியாவோடு சேர்ந்து அவர் எழுதியது உலகம் பூராவும் பேசப்பட்டது. அத்தனை வருஷம் ‘தலையெழுத்து’ என்று சொல்லப்பட்டது, உண்மையில் தட்டெழுத்து!

டாக்டரம்மா கேட்ட அந்த ஒரு கேள்வியும் இதே ஜாதிதான்: ‘அது நல்லா நடக்குதா?’

* * *

சிகிச்சை ஆரம்பமானது. தண்ணீரில் டாக்டர் சொன்ன அளவு சொட்டு மருந்து. அட்டைப் பெட்டியில் என் கட்டுரைக்குப் பதில் சாக்கு விரித்தோம், வழுக்காமல் இருக்க. காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷ நீச்சல். அதற்குக் கல்யாணத்தில் சோறு கொட்டும் பெரிய அன்னக்கூடை. டெபிட்டை அதில் விட்டதும் எனக்கே நம்ப முடியவில்லை. தரையில் துவண்டு கிடந்த அதே கால்கள், தண்ணீருக்குள் சும்மா சரக் சரக்கென்று துடுப்புப் போடுகின்றன! உடம்பின் எடையைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது; காலுக்கு வேலை மட்டும், பாரம் இல்லை. முடிந்ததும் துண்டால் துடைத்து வெயிலில் விட வேண்டும். தாய் வாத்து இல்லாமல் வளரும் குஞ்சுக்கு இறகில் எண்ணெய்ப் பசை போதாது. ஊறினால் குளிர் கண்டுவிடும்.

ஒரு வாரத்தில் மூட்டு வீக்கம் வடிந்தது. கால் நேராகிக்கொண்டு வந்தது. ஆனால் நடக்கவில்லை. தூக்கி நிறுத்தினால் ஒரு விநாடி யோசிக்கும். பிறகு மரியாதையாக உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தே பழகிவிட்டது. கணக்கு பாஷையில் சொல்வதானால்: தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது, ஆனாலும் ஐந்தொகை டேலி ஆகவில்லை.

“அப்பா, இது நடக்கலைன்னா தாத்தா வித்துடுவாரா?” என்று கேட்டாள் மகள். அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது ஞாபகமில்லை. தாத்தாவுக்கு மாசி கடைசி எந்தத் தேதி என்று காலண்டரில் பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்த வாரம் அப்பா என்னை வெள்ளிமலைக்கு அனுப்பினார். மண்டிக்குச் சாமை அனுப்பும் வியாபாரி ஒருவரிடம் பாக்கி வசூல். “சும்மா உட்கார்ந்து எழுதறதுக்கு, போய் இதையாவது செய்.”

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை நெருங்கும்போது வண்டியை நிறுத்தினேன். சம்பா அறுத்த தாளடியில் ஐந்நூறு வாத்து இருக்கும். ஒரே சேற்றுக்குளியல். மேய்க்கிறவர் கழியில் சாய்ந்து நின்றார். ராத்திரிக்கு வலையடைத்துப் படுக்கவைத்து, காலையில் முட்டை பொறுக்கி, ஒரு வயல் தீர்ந்தால் அடுத்த ஊர் என்று போய்க்கொண்டே இருப்பவர்கள். கால் வியாதி பற்றிக் கேட்டேன். “சேத்துல கெடக்குதே நெல்லு, நத்தை, புழு, பொடி மீனு... அதைத் தின்னா கால் ஏன் போவுது? ஊட்டுல அடைச்சு வெச்சா போவும்” என்றார். டாக்டரம்மா அட்டவணையோடு சொன்னதை இவர் கழியோடு சொன்னார்.

மலைப்பாதை ஏறி வெள்ளிமலை போய்ச் சேர்ந்தேன். கல்வராயன் மலையில் வாழ்கிறவர்களை மலையாளிகள் என்பார்கள். கேரளாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. வியாபாரி வீட்டில் இல்லை. திண்ணையில் காத்திருந்தேன். ஒரு பாட்டி வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் விட்டத்தில் தூளி. அது வழக்கத்துக்கு மாறாகத் தாழ்வாகக் கட்டியிருந்தது. உள்ளே ஒரு வயதுப் பையன். ஓரமாக இரண்டு காலையும் வெளியே நீட்டி, தரையை உதைத்து உதைத்துத் தானே ஆட்டிக்கொண்டிருந்தான்.

“ஏன் பாட்டி இவ்ளோ தாழ்வா கட்டியிருக்கீங்க?”

“அவன் கால் மண்ணுல படணுமில்ல? ஒசரக் கட்டினா நாமதான ஆட்டணும். தாழக் கட்டினா அவனே ஆட்டிக்கிறான்.”

பாக்கி வசூலானதா என்று நீங்கள் கேட்கவில்லை, நன்றி. ஆகவில்லை. ஆனால் நான் வெறுங்கையோடு இறங்கவில்லை.

* * *

எங்கள் ஊர் மரச்சிற்பத்துக்குப் பெயர் போனது. 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. எனக்குத் தெரிந்த ஸ்தபதி ஒருவர் பட்டறையில் பாதி செதுக்கிய பிள்ளையாருக்குப் பக்கத்தில் நின்று விஷயத்தைச் சொன்னேன். குழந்தைகளின் நடைவண்டி மாதிரி, ஆனால் ஒரு சாண் உயரத்தில். நடுவில் தூளி மாதிரி துணி. துணியில் கால் நுழைய இரண்டு ஓட்டை. நின்றால் பாதம் தரையைத் தொட வேண்டும், களைத்தால் துணி தாங்க வேண்டும்.

அவர் உளியைக் கீழே வைத்தார். “அன்ன வாகனம் எத்தனையோ செஞ்சிருக்கேங்க. அன்னத்துக்கே வாகனம் இப்பத்தான் செய்யறேன்!”

தேக்குத் துண்டுகளில் நாலு சக்கர வண்டி தயாரானது. கூலி வாங்க மறுத்துவிட்டார். என் மனைவியின் பழைய காட்டன் புடவையில் துணி. பெரிசாக நினைத்துக்கொள்ளாதீர்கள், உலகத்தில் இதைவிடப் பெரிய ஏற்பாடெல்லாம் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் பட்டர்கப் என்று ஒரு வாத்து. பிறக்கும்போதே ஒரு பாதம் பின்பக்கம் திரும்பியிருந்தது. 2013-ல் அந்தப் பாதத்தை எடுத்துவிட்டு, கூடப்பிறந்த வாத்தின் பாதத்தை மாதிரியாக வைத்து, கம்ப்யூட்டரில் வரைந்து, முப்பரிமாண அச்சில் அச்சு எடுத்து, சிலிக்கான் ரப்பரில் பாதம் வார்த்துப் பொருத்தினார்கள். அதுவும் நடந்தது. நம்முடையது தேக்கும் புடவையும்.

முதல் நாள் டெபிட் வண்டியில் தொங்கிக்கொண்டு என்னை முறைத்தது. இரண்டாம் நாளும் அதே. அப்பா திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தார். “சக்கரம் லூசா இருக்குது. லூசா இருந்தா வண்டி முன்னால ஓடிடும், புள்ள குப்புற விழும். ஆணியை இறுக்கு” என்றார். ‘புள்ள’ என்றது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஆணியை இறுக்கினேன். மூன்றாம் நாள் கிரெடிட் உதவிக்கு வந்தது. உதவி என்றால், டெபிட்டின் கண்ணெதிரே அதன் தீனிக் கிண்ணத்தைக் காலி செய்ய ஆரம்பித்தது. டெபிட் கத்தியது. வலது கால் தரையைத் தள்ளியது. இடது கால் யோசித்தது, தள்ளியது. வண்டி ஒரு ஜாண் நகர்ந்தது. மகள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுப் பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவந்தார்.

அடுத்த நாட்களில் கொல்லையின் நீளம் முழுக்க வண்டி ஓடியது. துணியை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். எடை கொஞ்சம் கொஞ்சமாகக் காலுக்கு மாறியது. மாசி இருபத்தாறாம் தேதி காலை, வண்டியிலிருந்து தூக்கி வெளியே விட்டேன். நின்றது. ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபக்கம் சாய்ந்தது. விழப்போகிறது என்று கையை நீட்டினேன். விழவில்லை. அதுதான் வாத்து நடை! நம் சீனியர் பைல் கட்டோடு வருவாரே, அச்சு அசல் அப்படியே. தப்பித்தவறி இதை அவர் படித்தால், சார், மன்னித்துவிடுங்கள். அதைவிட அழகான நடை உலகத்தில் கிடையாது.

* * *

வாத்து கெடுவுக்குள் நின்றுவிட்டது. நான்?

பங்குனி பிறந்ததும் அப்பா கூப்பிட்டார். ஆடிட்டர் ஆபீஸ் பேச்சை எடுக்கவில்லை. ஒரு பழைய பேரேட்டைத் தள்ளினார். “கண்ணு மங்கிட்டே வருது. ரெண்டு கடையில ஒண்ணை நீ எழுது. மாசம் மூவாயிரம் குடுக்கறான். கதை எழுதற கையில கணக்கு எழுதினா கை தேஞ்சுடாது. மிச்ச நேரத்துக்கு உன் வாத்துக் கதையை எழுதிக்க.”

கிரெடிட் கொல்லையில் புழு தேடியது ஞாபகம் வந்தது. சைடு வருமானம் தப்பில்லை என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி பேரேட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கங்களில் கடைக்குச் சம்பந்தமில்லாத கணக்கு. ‘வாத்து வகை’ என்று தலைப்பு. மாசி 2, பொடி மீன், 20 ரூபாய். மாசி 3, பொடி மீன், 20. மாசி 4... ஒரு நாள் தவறாமல். விடியற்காலையில் ‘நடந்துட்டு வர்றேன்’ என்று மார்க்கெட் பக்கம் போய் வந்தவர், எனக்குத் தெரியாமல் வாத்துக்கு மீன் போட்டிருக்கிறார்! என் சொட்டு மருந்துதான் வேலை செய்தது என்று இத்தனை நாள் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேனே!

இன்னும் ஒரு பக்கம் திருப்பினேன். ‘சி. மகன் வகை’. முதல் பதிவு, மை மங்கிப்போய்: நடைவண்டி, 22 ரூபாய். அப்புறம் ஸ்லேட்டு, பள்ளிக்கூடச் சம்பளம், சைக்கிள், பி.காம். முதல் வருஷம், இரண்டாம் வருஷம், கம்ப்யூட்டர் கிளாஸ், ஆடிட்டர் ஆபீஸுக்குப் போட்டுப்போக இரண்டு பேண்ட்... கடைசி நாலு வருஷத்துக்கு ஒரே சொல் மாதாமாதம்: அரிசி.

பக்கம் பக்கமாக இருந்தது. எந்தப் பக்கத்தின் அடியிலும் கூட்டல் இல்லை. 41 வருஷம் ஒரு பைசா பிசகாமல் கணக்கு எழுதிய மனிதர், இந்த ஒரு கணக்கை மட்டும் கூட்டாமல் விட்டிருந்தார்.

காலையில் மெல்லக் கேட்டேன். “அப்பா, கடைசியில ஒரு கணக்குக் கூட்டல் போடாம இருக்குதே?”

அவர் பேப்பரை மடித்தார். “கூட்டினா உனக்கு மயக்கம் வரும். கூட்டாம இருந்தா எனக்கு வராது. போ, போய் மீனை நறுக்கு. அது பசியோட நிக்குது.”

திரும்பிப் பார்த்தேன். வாசல்படியருகே டெபிட் நின்றுகொண்டிருந்தது. சொந்தக் காலில்.

பி.கு.: வாத்து வளர்க்கும் ஆசை யாருக்காவது வந்திருந்தால், டாக்டரம்மா சொன்னதில் மூன்று. கோழித் தீனியை மட்டும் நம்பாதீர்கள். வழுக்கும் தரையில் விடாதீர்கள். கால் வளைகிறது என்று தெரிந்த அன்றே காட்டுங்கள். எலும்பு வளைந்தபடி முற்றிவிட்டாலோ, மூட்டு நரம்பு இடம் விலகிவிட்டாலோ எந்த பி.காம்ப்ளெக்ஸும் உதவாது. நடைவண்டி எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் வந்து வாங்கிப் போகலாம். திருப்பித் தருவதாக அப்பாவின் பேரேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.